ஜோனா லோமு: ரக்பியைத் தொழிலாக்கிய உடம்பு

ரக்பி யூனியன் (15 பேர் ஆடும் ரக்பி) ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாம் என்று சர்வதேச வாரியம் பாரிஸில் அறிவித்தது 1995 ஆகஸ்ட் 26-ஆம் தேதி. அதற்குப் பத்து வாரம் முன்பே, காகிதக் கணக்கில் இன்னும் அமெச்சூராக இருந்த நியூசிலாந்தின் ஜோனா லோமு, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ரக்பிக்காரர் ஆகியிருந்தார். அப்போது அவருக்கு வயது 20. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, லோமு ஆடியதைப் பார்த்துத்தான் ஊடக முதலாளி ரூப்பர்ட் மர்டோக் ஒளிபரப்பு உரிமைக்காகப் பணப்பெட்டியைத் திறந்தார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, தேதிகள்தான் ஒத்துவரவில்லை. பேரம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை உலகத்துக்கு விற்க ஒரு முகம் தேவைப்பட்டது. அது லோமுவின் முகமாக அமைந்தது. அதே உடம்பில் சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது என்பது அடுத்த ஆண்டுக் கடைசியில்தான் தெரியவந்தது.

ரக்பி பழக்கமில்லாதவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் கொடுப்பதானால் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, 5 புள்ளி. பந்து வைத்திருப்பவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பது டாக்கிள். கபடியில் ரைடரை மடக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் எட்டு ஃபார்வர்டுகள்: கனமானவர்கள், முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுகிறவர்கள். மற்ற ஏழு பேர் பேக்குகள். அவர்களில் மைதானத்தின் இரு ஓரங்களிலும் கடைசியாக நிற்பவர்கள் விங்கர்கள். உள்ளே மற்றவர்கள் மோதிக்கொண்டிருக்க, ஓரத்தில் கிடைக்கும் சின்ன இடைவெளியில் பந்தோடு பறக்க வேண்டியது விங்கரின் வேலை. அதனால் ஒல்லியான, வேகமான ஆட்களைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள்.

லோமுவின் உயரம் 1.96 மீட்டர். எடை கிட்டத்தட்ட 120 கிலோ. 100 மீட்டரை 11 வினாடிக்குள் ஓடக்கூடியவர். ஃபார்வர்டின் கனமும் விங்கரின் காலும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோது, விங்கரைத் தடுப்பதற்கென்று எல்லா அணிகளும் வைத்திருந்த கணக்கு உடைந்துபோனது. பழைய கணக்கு இதுதான்: ஓரத்தில் ஓடிவருபவரைக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கு, இடுப்பைப் பிடி, வெளியே தள்ளு. லோமுவை ஒதுக்கலாம், ஆனால் இடுப்பைப் பிடிக்கும் தூரத்துக்கு வருவதற்குள் அவருடைய நீட்டிய கை எதிராளியின் மார்பிலோ முகத்திலோ பதிந்துவிடும். குனிந்து காலைப் பிடிக்கலாம் என்றால் உயர்ந்து வரும் முழங்கால். ஓட்டத்தில் வளைந்து தப்பிக்கவும் அவருக்குத் தெரியும், ஆனால் பல நேரம் அதற்குத் தேவையே வரவில்லை.

இந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சமூகப் பின்னணி உண்டு. லோமுவின் பெற்றோர் டோங்கா தீவுகளிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூசிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது டோங்கா, சமோவா போன்ற தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து தெற்கு ஆக்லாந்தில் குடியேறினார்கள். 1970களில் பொருளாதாரம் சரிந்ததும் அதே ஆட்களை அரசு வேண்டாத விருந்தாளிகளாகப் பார்க்க ஆரம்பித்தது. விசா காலம் முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அதில் தீவுக்காரர்களே அதிகம் குறிவைக்கப்பட்டார்கள். இதற்கு நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2021-ல்தான். லோமு பிறந்தது 1975 மே 12, அந்தச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலம். சின்ன வயதில் சில ஆண்டுகள் டோங்காவில் அத்தை மாமாவிடம் வளர்ந்துவிட்டு, ஆக்லாந்தில் மாங்கிரே பகுதியில் இருந்த பெற்றோரிடம் திரும்பினார். வீட்டில் அப்பாவோடு ஒத்துப்போகவில்லை, தெருவில் கும்பல் சண்டை. உறவினர் ஒருவர் தாக்குதலில் கொல்லப்பட்டார். பையன் கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயந்த அம்மா, புக்கெகோஹே ஊருக்குப் பக்கத்தில் இருந்த வெஸ்லி கல்லூரி என்ற மெதடிஸ்ட் உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தடகளத்தில் பரிசுகளை அள்ளியதும், ரக்பி யூனியனுக்கு வந்ததும் அங்கேதான். பள்ளி நாட்களில் அவர் ஃபார்வர்டு. விங்கராக்கும் யோசனை தேசிய அணியின் தேர்வாளர்களுக்குப் பிறகு வந்தது.

முதல் முயற்சி சொதப்பியது. 1994 ஜூன் 26-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட் (ரக்பியில் இரு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடியபோது அவருக்கு வயது 19 ஆண்டு 45 நாள். அவ்வளவு சின்ன வயதில் ஆல் பிளாக்ஸ் எனப்படும் நியூசிலாந்து டெஸ்ட் அணியில் அதுவரை யாரும் ஆடியதில்லை. நியூசிலாந்து 8-22 என்று தோற்றது. அடுத்த வாரம் ஆக்லாந்திலும் தோல்வி. பின்னால் வந்து விழும் உதைகளை எதிர்பார்த்து எங்கே நிற்பது, எப்போது முன்னே வருவது என்ற விங்கர் பாடம் அவருக்கு இன்னும் படியவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அணியிலிருந்து இறக்கப்பட்டார். 1995 உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி முகாம்களில் மற்றவர்களோடு ஈடுகொடுத்து ஓட முடியாமல் மூச்சு வாங்கினார். பயிற்சியாளர் லாரி மெய்ன்ஸ் கடைசிவரை யோசித்துத்தான் பெயரைச் சேர்த்தார். அப்போது எல்லோரும் அதை உடற்தகுதிக் குறையாகத்தான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தெரியவந்ததை வைத்துப் பார்த்தால், அந்த மூச்சிரைப்புக்கு வெறும் பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு எதிராக இரண்டு டிரை, காலிறுதியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று. அப்புறம்தான் ஜூன் 18-ஆம் தேதி கேப் டவுன் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தோடு அரையிறுதி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே இடது ஓரத்தில் ஒரு பாஸ் அவரைத் தாண்டிப் போகிறது. திரும்பிப் பந்தை எடுக்கிறார். எதிரே நின்ற விங்கர் டோனி அண்டர்வுட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார். பின்னாலிருந்து கேப்டன் வில் கார்லிங் காலைத் தட்டிவிட, நிலை தடுமாறுகிறார். கோட்டுக்கு முன்னால் கடைசி ஆளாக மைக் கேட். தடுமாறிய வேகத்திலேயே கேட்டின் மேல் ஏறி மிதித்துப் போய் டிரை போடுகிறார். அன்று மொத்தம் நான்கு டிரை. 45-29. இன்றைக்கு இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் கேட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் கணக்கில் அது நியாயமில்லை. கேட் நின்ற இடம் சரி, குனிந்த விதமும் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். அந்தப் பாடத்தில் இப்படி ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆறு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் தென்னாப்பிரிக்கா அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதியது. நெல்சன் மண்டேலா 6-ஆம் எண் பச்சைச் சட்டையில் வந்து நின்ற இறுதி ஆட்டம் அது. லோமுவை ஒற்றை ஆள் வீழ்த்த வேண்டும் என்ற எண்ணத்தையே அவர்கள் விட்டுவிட்டார்கள். ஜேம்ஸ் ஸ்மால் வெளிப்பக்கத்தை அடைத்து உள்ளே திருப்புவார். உள்ளே யாப்பி முல்டர், யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சன் என்று யாராவது தாழ்ந்து காலைப் பிடித்துத் தொங்குவார்கள். அதற்குள் இன்னும் இருவர் வந்துவிடுவார்கள். வேகம் எடுக்க இடம் கிடைத்தால்தானே லோமு லோமு! ஆல் பிளாக்ஸ் வீரர்கள் பலர் இரண்டு நாள் முன்பு வயிற்றுக் கோளாறில் படுத்திருந்தது தனிக் கதை. இரு பக்கமும் ஒரு டிரைகூட விழவில்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோலில் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) தென்னாப்பிரிக்கா 15-12 என்று வென்றது. லோமு கடைசிவரை தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்களில் ஒரு டிரை கூடப் போட்டதில்லை. அவருடைய வரலாற்றில் எனக்கு மிகவும் சுவாரசியமான தகவல் இதுதான், ஏனென்றால் அடுத்த இருபது ஆண்டு ரக்பி எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது இதில் இருக்கிறது.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள், ஜூன் 23-ல், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுக்குப் பத்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையைக் கிட்டத்தட்ட 55 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றதாக அறிவித்தன. இவ்வளவு அவசரம் ஏன்? இதைப் புரிந்துகொள்ள நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். 1895-ல் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள், வேலைக்கு லீவு போட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியையாவது கொடுக்க வேண்டும் என்று கேட்டன. ஆட்டத்தை நடத்திய கனவான்கள் மறுத்தார்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்து போன அந்தக் கிளப்புகள் உருவாக்கியதுதான் 13 பேர் ஆடும் ரக்பி லீக். அதன் பிறகு யூனியன், பணத்தைத் தீட்டாகவே பார்த்தது. லீக் பக்கம் போனவர்களுக்குத் திரும்பிவர வழியில்லை. 1995-ல் ஆஸ்திரேலியாவில் லீக் ஆட்டத்தைக் கைப்பற்ற மர்டோக்குக்கும் இன்னொரு ஊடக முதலாளியான கெர்ரி பேக்கருக்கும் இடையே தொலைக்காட்சிப் போர் வெடித்தது. இரண்டு தரப்பும் வீரர்களுக்குப் பணத்தைக் கொட்டியபோது, யூனியனின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்ற பயம் வந்தது. லோமு போன்ற ஒருவரைச் சும்மா ஆட வைத்துக்கொண்டிருக்க இனி முடியாது. அதற்குள் பேக்கர் ஆதரவோடு ராஸ் டர்ன்புல் என்பவர் உலக ரக்பி கார்ப்பரேஷன் என்ற போட்டி அமைப்பைத் தொடங்கி, டெஸ்ட் வீரர்கள் பலரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நியூசிலாந்தில் முன்னாள் கேப்டன் ஜாக் ஹாப்ஸ் வீரர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசித் தேசிய சங்கத்தின் பக்கம் இழுத்தார். தென்னாப்பிரிக்க வீரர்களும் தங்கள் சங்கத்தோடு நின்றதும் டர்ன்புல்லின் திட்டம் கலைந்தது. ஆகஸ்டில் வாரியம் செய்ததெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்ததற்கு முத்திரை குத்தியது மட்டுமே.

லோமுவுக்கு லீக் கிளப்புகளும் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் வலை வீசின. அவர் நியூசிலாந்திலேயே இருந்தார். விளம்பரம், காலணி ஒப்பந்தம், அவர் பெயரில் 1997-ல் ஒரு வீடியோ கேம் என்று, அதுவரை எந்த ரக்பிக்காரருக்கும் கிடைக்காதவை கிடைத்தன. 1996-ல் தொடங்கிய, அந்த மூன்று நாடுகளின் 12 அணிகள் மோதும் சூப்பர் 12 தொடரில் ஆக்லாந்து புளூஸ் அணிக்கு ஆடினார்.

அந்த ஆண்டுக் கடைசியில் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய சல்லடைகள் பழுதாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும் நிலை இது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் திசுக்களுக்குள் கசிந்து காலும் முகமும் வீங்கும், நோய்த்தொற்று எளிதில் வரும், சதா களைப்பு. தசையை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு இதைவிட மோசமான இடத்தில் ஓட்டை விழ முடியாது. சிகிச்சைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு முதலான மருந்துகளுக்கும் தனி விலை உண்டு: எடை கூடும், தசை தளரும். 1997-ன் பெரும்பகுதி ஆட்டமில்லாமல் போனது. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில், அங்கே முதல்முறையாகச் சேர்க்கப்பட்ட ஏழு பேர் ரக்பியில் நியூசிலாந்தோடு தங்கம் வென்றார்.

அப்புறம் 1999 உலகக் கோப்பை. எட்டு டிரை. ஒரே உலகக் கோப்பையில் எட்டு என்பதைப் பின்னால் சிலர் சமன் செய்தார்கள், யாரும் தாண்டவில்லை. அந்த எட்டில் இரண்டு, பிரிஸ்டலில் டோங்கா அணிக்கு எதிராகப் போட்டவை. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராகவும் இரண்டு. முன்னிலையில் இருந்த நியூசிலாந்து அதைக் கோட்டைவிட்டு 31-43 என்று தோற்றது. அடுத்த ஆண்டு ஜூலை 15-ல் சிட்னியில் 1,09,874 பேர் முன்னால் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஆட்டம். தொடக்கத்திலேயே நியூசிலாந்து 24-0, இடைவேளையில் 24-24, கடைசியில் ஆஸ்திரேலியா ஒரு புள்ளி முன்னால். முடியப்போகும் நேரத்தில் டெய்ன் ராண்டல் கொடுத்த பந்தை வாங்கி, இடது ஓரக் கோட்டை ஒட்டி விளிம்பில் நடப்பவர்போல் காலைச் சுருக்கி வைத்து ஓடி, லோமு டிரை போட்டார். 39-35. முட்டி மோதுகிறவர் என்று பெயர் வாங்கியவரின் சிறந்த டிரைகளில் ஒன்று, யாரையும் மோதாமல் கோட்டுக்குள் தங்கியதால் வந்தது.

இதற்குள் எதிரணிகள் பாடம் படித்துவிட்டன. தொழில்முறை ஆனதும் யூனியன் அணிகள் தடுப்பாட்டத்துக்கென்று தனிப் பயிற்சியாளர்களை வைக்க ஆரம்பித்தன. ஆட்களை வரிசையாக நிறுத்தி, இடைவெளியே இல்லாமல் முன்னேறித் தடுக்கும் கலை லீக்கில்தான் வளர்ந்திருந்தது. நூறு ஆண்டு தீண்டாமல் ஒதுக்கிய பக்கத்திலிருந்தே குருமார்களை அழைத்து வந்தார்கள்: ஆஸ்திரேலியாவுக்கு ஜான் மகில்டன், இங்கிலாந்துக்கு ஃபில் லார்டர். 1999-ல் கோப்பை வென்ற ஆஸ்திரேலியா, தொடர் முழுக்க விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு டிரை. லோமு ஒருவர்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1995-ல் கேப் டவுனில் நடந்ததைப் பார்த்த எந்தப் பயிற்சியாளருக்கும், தடுப்பை இனி வீரனின் தைரியத்துக்கு விட்டுவிட முடியாது என்பது புரிந்திருக்கும். எல்லிஸ் பார்க்கில் அதற்கு விடையும் இருந்தது. கூடவே விங்கர்களின் உடம்பும் பெருத்தது. ஜார்ஜ் நார்த், ஜூலியன் சவேயா போல நூறு கிலோ தாண்டிய விங்கர்கள் இன்று யாருக்கும் அதிசயமில்லை.

2002 நவம்பர் 23-ல் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிராக ஆடியது அவருடைய கடைசி டெஸ்ட். 63 டெஸ்ட், 37 டிரை. அப்போது வயது 27தான். 2003-ல் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்பட்டது, கால் நரம்புகள் பாதித்து நடையே தடுமாறியது. 2004 ஜூலையில் கிராண்ட் கெரியாமா என்ற வெல்லிங்டன் வானொலி அறிவிப்பாளர் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உடம்பு அதை ஒதுக்காமலிருக்க ஆயுள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். அப்படிப்பட்டவர் டாக்கிள் வாங்கும் ஆட்டத்துக்குத் திரும்புவது அதுவரை கேள்விப்படாதது. லோமு திரும்பினார். 2005 ஜூனில் ட்விக்கனமில் முன்னாள் இங்கிலாந்து கேப்டன் மார்ட்டின் ஜான்சனுக்கான கௌரவ ஆட்டத்தில் டிரை போட்டார், தோளிலும் காயம் பட்டுக்கொண்டார். அந்த டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ், அடுத்து நியூசிலாந்தின் நார்த் ஹார்பர். பழைய வேகம் வரவில்லை. 2007 உலகக் கோப்பையில் ஆட வேண்டும் என்ற ஆசை, சூப்பர் 14 (சூப்பர் 12 தொடரின் விரிந்த வடிவம்) அணி எதிலும் இடம் கிடைக்காததோடு முடிந்தது. 2009-ல் மார்செய் பக்கத்தில் வித்ரோல் என்ற பிரெஞ்சு மூன்றாம் நிலைக் கிளப்புக்குப் போய் ஆடினார். இந்தக் கட்டத்தைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் அதிகம். எனக்கு அதில் பிழைப்பும் தெரிகிறது. ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் அவருடைய தலைமுறைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 1995-ல் சம்பளம் வந்தது, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான ஏற்பாடுகள் மெதுவாகத்தான் பின்னால் வந்தன.

2011-ல் ஆக்லாந்தில் நடந்த உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் லோமு கலந்துகொண்டார். அதே ஆண்டு, பொருத்திய சிறுநீரகம் செயலிழந்து மறுபடி டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாழ்க்கை. 2015 உலகக் கோப்பைக்கு விளம்பர நிகழ்ச்சிகளுக்காக இங்கிலாந்து போனபோதும் இடையிடையே டயாலிசிஸ் எடுத்துக்கொண்டார். அந்தத் தொடரில்தான் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா, உலகக் கோப்பைகளில் லோமு போட்ட மொத்தம் 15 டிரை என்ற எண்ணிக்கையைச் சமன் செய்தார். குடும்பத்தோடு துபாய் வழியாக ஊர் திரும்பியவர், நவம்பர் 18 அன்று ஆக்லாந்து வீட்டில் இறந்தார். வயது 40. அவரிடம் சேமிப்பு பெரிதாக எதுவும் இல்லை என்பது அதன் பிறகு வெளியே வந்தது. இரண்டு சின்ன மகன்களின் படிப்புக்கும் வளர்ப்புக்கும் நியூசிலாந்து ரக்பி வீரர்கள் சங்கம் ஓர் அறக்கட்டளை தொடங்கி நிதி திரட்ட வேண்டியிருந்தது.

டோங்கா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். லோமு காலத்து விதிப்படி, ஒரு நாட்டுக்கு டெஸ்ட் ஆடியவர் பிறகு இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாத நிலை 2000-க்குப் பிறகு இறுகிவிட்டது. தீவுகளின் பிள்ளைகள் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடித் தீர்த்தார்கள், தீவு அணிகள் காசில்லாமல் திணறின. 2022 ஜனவரி முதல், மூன்று ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தவர், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ மாறி ஆடலாம் என்று விதி திருத்தப்பட்டது. முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர்களான சார்லஸ் பியூட்டாவும் மலாகாய் ஃபெக்கிட்டோவாவும் அந்த ஆண்டே டோங்கா சட்டை போட்டார்கள். இந்த விதி முன்பே இருந்திருந்தால், ஒரு சிறுநீரக மாற்றுக்குப் பிறகு 2007 உலகக் கோப்பைக் கனவோடு அணி தேடி அலைந்த லோமுவுக்கும் டோங்காவின் கதவைத் தட்டிப் பார்க்க ஒரு வழி இருந்திருக்கும்.